நாற்பத்திரண்டு கலம் குத்தகை

"ரசீது இருக்குங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இருக்குங்க," என்றார் என் மாமனார் மருதமுத்து. "எல்லா வருசத்துச் சீட்டும் பத்திரமா இருக்குங்க."

"எங்க?"

"பெரிய வீட்டுலங்க. அய்யா வீட்டு உள்ளறையில எங்க பொட்டி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள இருக்குங்க."

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடியிருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு என் மாமனாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் நிலத்துல நீங்க குத்தகைக்காரர்னு பதிய வந்திருக்கீங்க. அதுக்கு அத்தாட்சியை அவர் வீட்டுலயேவா வச்சிருக்கீங்க?"

"அங்கதாங்க தீப்பிடிக்காது," என்றார் மாமனார், அதைவிடத் தெளிவான காரணம் உலகத்திலேயே கிடையாது என்பதுபோல.

எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். முக்காடு போடாத குறையாகக் குனிந்து என் மாமியார் அஞ்சலை அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே, நான் பதினோராம் வகுப்பு வரை படித்தவள், காகிதத்தில் ஏதாவது இருந்தால் படித்துச் சொல்வேன் என்பதற்காகத்தான். என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலையாக இருந்தார். மாமனாருக்கும் அத்தைக்கும் கையெழுத்துக்கூடத் தெரியாது.

"நாலு மணி வரைக்கும் இருப்பேன்," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள கொண்டாந்து காட்டுங்க. இல்லேன்னா கர்ணம் கணக்குல இருக்கிறபடிதான் எழுதுவேன்."

ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கணக்கில், இரண்டு ஏக்கர் சொச்சம் வரும் எங்கள் ஏழு மா நிலத்துக்கு நேராக 'சொந்த சாகுபடி' என்று இருந்தது. நிலத்துக்காரரே உழுது நட்டு அறுக்கிறார் என்று அர்த்தம். அந்த நிலத்துக்காரர் சந்தானம் அய்யா சேற்றில் கால் வைத்து நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஒரு வாசகியின் கேள்வி

குத்தகைக்கும் வாடகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு ஒரு வாசகி எனக்குக் கடிதம் போட்டிருந்தார். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவராம். அவர் வீட்டு ஒப்பந்தத்தில் 'குத்தகைக் காலம் பதினொரு மாதம்' என்று அச்சடித்திருக்கிறார்களாம். நாங்கள் மாடு கட்டி உழுகிறோமா என்ன, என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

இப்போது எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். தென்னந்தோப்பு குத்தகை, குளத்து மீன் குத்தகை, கோயில் வாசலில் செருப்பு பார்க்கும் இடத்துக்குக்கூடக் குத்தகை. "கோபத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவ என் பொண்டாட்டி" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பிறத்தியாரிடம் விடுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று வாரம். விளைந்ததை இருவரும் பங்கு போட்டுக்கொள்வது. குறைந்தால் இருவருக்கும் குறையும். இன்னொன்று குத்தகை. அதில் பங்கு கிடையாது, பேசிய அளவுதான். அமோகமாக விளைந்தாலும் அவ்வளவு, ஒன்றுமே விளையாவிட்டாலும் அவ்வளவு.

என் சித்தப்பா ஒருவர் பூம்புகார்ப் பக்கம் ஒரு குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தார். வலை வீசியதில் தண்ணீர்ப் பாம்பும் ஒரு பழைய குடையும் வந்தன. "குடையை வேணும்னா எடுத்துக்கங்க" என்று ஊர்ப் பெரியவர்களிடம் நீட்டியிருக்கிறார். குடையும் போயிற்று, குத்தகைப் பணமும் போயிற்று. எனக்குக் குத்தகை என்றால் என்னவென்று முதலில் புரிந்தது அந்தக் குடையால்தான்.

எங்கள் ஏழு மாவுக்குக் குத்தகை நாற்பத்திரண்டு கலம் நெல். இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக இருபத்தொரு மூட்டை. மாமனாருடைய அப்பா காலத்தில் பேசியது. எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

பெட்டி அங்கே, சாவி இங்கே

மாமனார் ஒவ்வொரு தை மாதமும் நெல்லை அளந்துவிட்டு, காரியக்காரரிடம் ஒரு சீட்டுக் கேட்டு வாங்கிவிடுவார். பெரிய வீட்டு வரவு செலவெல்லாம் பார்த்தவர் காரியக்காரர் ரெங்கசாமி. மற்றவர்கள் யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள், அய்யாவை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று கூச்சம். மாமனார் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் வாங்குவார்.

ஒரு கோடையில் எங்கள் தெருவில் தீப்பிடித்தது. எல்லாம் கூரை வீடுகள். அடுப்பு நெருப்பு ஒரு வீட்டில் பற்றி, காற்று அதைப் பதினொரு வீட்டுக்குக் கொண்டுபோனது. எங்கள் வீடு தப்பியது. மறுநாளே அத்தை ஒரு தகரப் பெட்டியில் சீட்டுகளையும் தன் காதுக் கொப்பையும் வைத்துப் பூட்டி, ஓட்டு வீடான பெரிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் பல பேர் அப்படித்தான் செய்தார்கள். பெரிய வீட்டு உள்ளறையில் ஊர்க்காரர்களின் பெட்டிகள் வரிசையாக இருந்தனவாம்.

வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை வாங்கி, புதுச் சீட்டை நூலில் கோத்து, பூட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். நான் வந்த பிறகு பெட்டியைத் திறக்கவில்லை; அதற்கு முன் சீட்டைப் படித்துப் பார்க்க வீட்டில் ஆளில்லை. சாவி அத்தையின் தாலிக் கயிற்றில், ஊக்குகளோடு ஊக்காகத் தொங்கும்.

பெட்டியை அங்கே வைத்துவிட்டுச் சாவியை இங்கே வைத்துக்கொண்டிருப்பதில் என்ன பத்திரம் என்று வந்த புதிதில் நான் கேட்டேன். "அய்யா பூட்டை உடைப்பாங்களா என்ன?" என்று அத்தை என்னைத்தான் கோபித்துக்கொண்டார். எனக்குக் கோபம் அவர்மேல் வந்தது. இவ்வளவு வெகுளியாக ஒரு குடும்பம் இருக்குமா என்று என் அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

கொல்லை வாசலில் நாலு மணி நேரம்

அது புது ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். குத்தகைக்காரர்கள் பெயரை ஊர் ஊராகப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிவாகிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. பதிவாகாவிட்டால் நீங்கள் அந்த வயலுக்கு யாருமே இல்லை.

சந்தானம் அய்யா அந்த மாசியில்தான் டிராக்டர் வாங்கியிருந்தார். அது எங்கே உழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கிழக்கே கூலிக்காகவும் நிலத்துக்காகவும் நடந்த வெட்டுக் குத்துச் செய்திகள் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர் முக்கிலும் ஒரு போலீஸ் வேன் நின்றது. பயந்துபோய் இரண்டு பேர் 'நான் குத்தகைக்காரன் இல்லை' என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மாமனார் வைக்கவில்லை. தைரியத்தால் இல்லை. சீட்டு இருக்கிறது, அய்யா மறுக்கமாட்டார் என்ற நம்பிக்கையால்.

பதினொன்றரை மணிக்குப் பெரிய வீட்டுக் கொல்லை வாசலில் போய் நின்றோம். முன்வாசல் பக்கம் எங்களுக்குப் பழக்கமில்லை.

"அய்யா குளிக்கிறாங்க," என்றார் காரியக்காரர்.

பன்னிரண்டரைக்கு, "அய்யா சாப்பிடுறாங்க."

ஒன்றரைக்கு, "அய்யா படுத்திருக்காங்க. எழுப்பவா முடியும்?"

சித்திரை வெயில். வைக்கோல் போரின் ஓர நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து நின்றோம். உள்ளே தாளிக்கும் வாசனை வந்து அடங்கியது. அத்தை தாலிக் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

மாமனார்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னார். "வெள்ளத்து வருசம் தெரியுமாம்மா உனக்கு? கொள்ளிடம் ஒடைச்சுக்கிட்டு வந்து பத்து நாள் வயல்ல நின்னுச்சு. ஒரு கதிர் அறுக்கல. உழவு மாட்ட வித்தேன். உன் அத்தை கொப்பப் பொட்டியிலேருந்து எடுத்துக் குடுத்தா. திருப்பனந்தாள் மண்டியில காசிம் பாய்கிட்ட நெல்லு வாங்கி, வண்டி கட்டிக்கிட்டு வந்து நாப்பத்திரண்டு கலத்தையும் அளந்தேன்."

இந்தக் கதையை நாலு மாதத்தில் நான் ஆறு முறை கேட்டிருந்தேன். அதன் முடிவும் எனக்குத் தெரியும்.

"அய்யா என் தோள்ல கைய வச்சாங்கம்மா. எல்லாரும் பாக்க. 'நீதாண்டா மனுசன்'னாங்க. அப்படிப்பட்டவங்க இன்னைக்கு மாறிடுவாங்களா?"

அத்தை வெறும் காதைத் தடவிக்கொண்டு, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது. சந்தானம் அய்யா சலவை வேட்டியும் கையில் குடையுமாக வந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பொட்டிதானே மருதமுத்து? நானே கொண்டாறேன். அதிகாரி முன்னாலயே தொறந்துக்க," என்றார்.

"பாத்தியா?" என்பதுபோல மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சீட்டில் எழுதியிருந்தது

காரியக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பூட்டு அப்படியே இருந்தது.

"பாத்துக்கங்க சார்," என்றார் சந்தானம் அய்யா. "அவன் பொட்டி, அவன் பூட்டு. நாளைக்கு எங்க மேல ஒரு சொல் வரக் கூடாது."

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினார். ஊக்கு விரலில் குத்தியது. ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாவியை என்னிடம் கொடுத்தார்.

உள்ளே சீட்டுக் கொத்து மட்டும் இருந்தது. பழுப்பேறி, ஓரம் சுருண்டு, நூலில் கோத்திருந்தது. ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை. மாமனாருக்கு நெஞ்சு விரிந்ததைப் பார்த்தேன்.

"படிம்மா," என்றார் அதிகாரி.

மேல் சீட்டை எடுத்து முதலில் மனசுக்குள் படித்தேன். 'பண்ணையாள் மருதமுத்து வசம் வரவு நெல்...' அதற்கு மேல் என் கண் நகரவில்லை.

பண்ணையாள் என்றால் நிலத்துக்காரரிடம் கூலிக்கு வேலை செய்கிற ஆள். முதலாளி வயலில் அறுத்த நெல்லை முதலாளி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அவனுக்குப் பதிவும் கிடையாது, உரிமையும் கிடையாது. அடுத்த சீட்டைப் புரட்டினேன். பண்ணையாள். அடுத்தது. பண்ணையாள். கடைசிச் சீட்டு வரை புரட்டினேன், எல்லாம் ஒரே கையெழுத்து.

ஒரு நிமிடம் 'குத்தகைக்காரர் மருதமுத்து' என்று மாற்றிப் படித்துவிடலாமா என்று நினைத்தேன். இப்போது மறைப்பானேன், நிஜமாகவே அப்படி நினைத்தேன். ஆனால் அதிகாரி கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் 'பண்ணையாள் மருதமுத்து' என்று உள்ளபடியே படித்துவிட்டுச் சீட்டுகளை அவரிடம் கொடுத்தேன்.

காரியக்காரர் முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் நான் படித்தது புரியாததுபோல என்னையே பார்த்தார். இத்தனை வருடம் தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றி வைத்திருந்தது, தான் அந்த நிலத்துக்கு யாருமில்லை என்று எழுதிய காகிதத்தை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக எட்டு நிமிடம். பேனாவைத் திறந்தார்.

"அளவு என்னன்னு போட்டிருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

அத்தை. அத்தனை ஆண்கள் நடுவில் அவர் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அளவு படிக்கலியே நீ. என்ன போட்டிருக்கு?"

அதிகாரியே பார்த்துச் சொன்னார். "நாப்பத்திரண்டு கலம்."

"அதுக்கு முந்தின சீட்டுலங்க?"

"நாப்பத்திரண்டு."

"அதுக்கும் முந்தினது?"

"நாப்பத்திரண்டுதாம்மா. எல்லாத்துலயும் அதேதான்."

"மேலேருந்து ஒம்பதாவது சீட்டப் பாருங்க. நான்தான் கோத்தேன், எனக்குத் தெரியும். அது வெள்ளத்து வருசம். அதுலயும் அதேதானுங்களா?"

அதிகாரி விரலால் எண்ணினார்.

"நாப்பத்திரண்டு கலம்," என்றார் மெதுவாக.

பிறகு சந்தானம் அய்யா பக்கம் திரும்பினார். "அந்த வருஷம் இந்த ஏழு மாவுல என்னங்க விளைஞ்சது?"

அய்யா குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து, "ஒரு மண்ணும் வெளையல சார்! முழங்கால் தண்ணி!" என்று ஒரு குரல் வந்தது. காலையில் சிரித்த அதே ஆள்.

"வேற வயல் நெல்லா இருக்கும் சார்," என்றார் காரியக்காரர் அவசரமாக.

"நெல்லு வண்டி ஊர்லேருந்து டவுனுக்குத்தான் போவும்," என்றார் அத்தை. "அந்த ஒரு வருசந்தான் டவுன்லேருந்து ஊருக்குள்ள நெல்லு வண்டி வந்துச்சு. தெருவே வேடிக்கை பாத்துச்சு. கேளுங்க. யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க."

யாருக்கும் தெரியாமல் இல்லை. முதலில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள், பிறகு பத்துப் பேர். கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்த அந்த இரண்டு பேரும்கூட.

அதிகாரி காரியக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "பண்ணையாள் மாட்டை வித்து நெல் வாங்கி முதலாளிக்கு அளப்பானாய்யா?"

பெயரை மாற்றி எழுதியவர்களுக்கு அளவை மாற்றி எழுத மனம் வரவில்லை. ஒரு வருடமாவது நாற்பது, முப்பது என்று குறைத்து எழுதியிருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும். ஆனால் இரண்டு கலம் குறைத்து எழுத வேண்டுமென்றால் இரண்டு கலம் குறைத்து வாங்க வேண்டுமே. விளைந்தாலும் அவ்வளவு, விளையாவிட்டாலும் அவ்வளவு என்று வருடா வருடம் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அதிகாரி பதிவேட்டில் மாமனாருடைய பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'குத்தகைதாரர்' என்று எழுதினார். நான் தலைகீழாகவே அதைப் படித்தேன். நாலு மணி தாண்டியிருந்தது.

சந்தானம் அய்யா குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினார். எங்களருகே வந்ததும் நின்றார்.

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டே அஞ்சலை."

அத்தை தலை நிமிரவில்லை. "பேசலீங்க அய்யா. எண்ணினேன்," என்றார்.

வாய்க்கால் கரையில்

வீட்டுக்கு வாய்க்கால் கரை வழியாக நடந்தோம். பெட்டி மாமனார் தலையில் இருந்தது. தெருக்காரர்கள் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு ஆத்திரம். மாமனார் மட்டும் பின்தங்கி நடந்தார்.

மதகருகே வந்ததும் பெட்டியை இறக்கி வைத்தார்.

"அம்மாடி, ஒண்ணு கேக்கறேன். அந்த ஒம்பதாவது சீட்டு..."

"சொல்லுங்க மாமா."

"அன்னைக்கு நெல்லை அளந்து முடிச்சதும் அய்யா என் தோள்ல கைய வச்சாங்க. வச்ச கையோடதான் சீட்டு எழுதச் சொன்னாங்க. அதுலயும் பண்ணையாள்னுதான் போட்டிருக்கா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவர் என்ன, எழுத்துக் கூட்டிப் பார்க்கப் போகிறாரா? சீட்டுகளும் விசாரணைக் கட்டோடு அதிகாரியிடம் போய்விட்டன. அத்தை என்னைப் பார்த்த பார்வையிலும் அந்த வேண்டுதல் இருந்தது.

"ஆமா மாமா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை எடுத்து இடது தோளை ஒருமுறை துடைத்தார். மறுபடியும் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த வெள்ளத்து வருடக் கதையை அதன்பிறகு அவர் சொல்லி நான் கேட்கவேயில்லை.

அடுத்த தையில் களத்தில் வழக்கம்போல நாற்பத்திரண்டு கலம் அளந்தார், ஒரு மரக்கால் குறையாமல். காரியக்காரர் சீட்டை எழுதி நீட்டினார். மாமனார் துண்டை இடுப்பில் கட்டவில்லை, கையையும் நீட்டவில்லை.

"மருமவகிட்ட குடுங்க," என்றார். "அவ சத்தமாப் படிக்கட்டும். நான் யாருன்னு கேட்டுக்கிட்டு அப்புறம் வாங்கிக்கிறேன்."